ஐஸ் பெட்டியில் வைத்த போன்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மீன் விற்க நாலைந்து பேர் வருகிறார்கள். ஆனால் சரளா வந்தால்தான் எல்லா வீட்டிலும் சட்டி வெளியே வரும். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மேடவாக்கம் நெரிசலைத் திட்டிக்கொண்டே வருவாள். அவள் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். 'சரளா ப்ரெஷ் மீன்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், மகள் சத்யப்ரியா ஆரம்பித்துக் கொடுத்தது. சரளா அதில் எழுதமாட்டாள், பேசி அனுப்புவாள். "அக்கா, நெத்திலி கீது, சங்கரா கீது, வவ்வாலு ரெண்டே ரெண்டுதான் கீது. அப்பால வந்து என்னைக் கேக்காதீங்க." வாடிக்கைக்காரர்களை மிரட்டி வியாபாரம் செய்கிற ஒரே ஆள் அவள்தான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவளிடம் அதைச் சொன்னதில்லை, சொன்னால் விலையை ஏற்றிவிடுவாள்.

எங்களுக்குள் நடக்கிற சண்டை மீனைப் பற்றியது அல்ல, போனைப் பற்றியது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பெயரே இல்லாத ஒரு பவர் பேங்கை வாங்கி, போனோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, மொபெட்டின் முன்னால் தொங்கும் பையில் வைத்திருப்பாள். வழியெல்லாம் வெயில், வழியெல்லாம் சார்ஜ். "சரளா, ஒருநாள் இது வெடிக்கப் போகுது பாரு" என்பேன். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா ரோஹிணிக்கா?" என்பாள்.

போன் அணைந்துவிடக் கூடாது என்று அவள் அத்தனை பாடுபட்டது ஆர்டருக்காக மட்டும் இல்லை. அவள் வீட்டுக்காரர் துலுக்காணம் கடலுக்குப் போகிறவர். கரைக்கு அருகில் பிடிப்பவர்கள் விடியற்காலையிலேயே திரும்பிவிடுவார்கள்; அந்த மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு சரளா கிளம்பிவிடுவாள். துலுக்காணம் தூரம் போகிறவர். அவள் எங்கள் தெருவில் இருக்கும்போதுதான் அவர் படகு கரைக்கு வரும். டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கும் தன் போனை வாங்கி, இவள் நம்பருக்கு அடிப்பார். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடுவார். கரை ஏறிவிட்டேன் என்று அர்த்தம். சரளா எடுக்கமாட்டாள். பையிலிருந்து இரண்டு மணி கேட்டதும் அரிவாள்மனையை ஒரு நொடி நிறுத்தி, "ஏறிட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் செதிள் சீவ ஆரம்பிப்பாள். மூன்றாவது மணியும் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும், அது வேறு சேதி. கல்யாணமான நாளிலிருந்து மூன்றாவது மணி அடித்ததே இல்லையாம்.

போன மே மாதம் ஒருநாள், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காற்று எழுந்தது. எதிர்வீட்டு முருங்கைக் கிளை முறிந்து கம்பியில் விழுந்து, தெருவே கரண்ட் இல்லாமல் போனது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதை மாற்றச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் நான் கத்திய கத்தலில் பாதியை இ.பி.காரரிடம் கத்தியிருந்தால் தெருவுக்கே புது ட்ரான்ஸ்பார்மர் வந்திருக்கும். என் போனும் செத்துக் கிடந்தது. ராத்திரி சார்ஜ் போடாமல் சீரியல் பார்த்தது நான்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அப்போதுதான் சரளா வந்தாள். வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, மதில்மேல் சாய்த்துவிட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தாள். சங்கராவுக்கும் நெத்திலிக்கும் நடுவிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். உள்ளே போன். பையிலும் தண்ணீர், திரைக்குள்ளேயும் தண்ணீர்.

"அடிப்பாவி, இது என்ன?"

"நெருப்பா சுட்டுதுக்கா. சூடா கீது, ஆறவைன்னு அதுவே எழுதிக் காட்டிச்சு. மீன் சூடு கண்டா இன்னா செய்வோம்? ஐஸ்ல வெப்போம். இதையும் வெச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மணி அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"வேளச்சேரி ரோட்டுலயே செத்துப்போச்சுக்கா. அதுவரைக்கும் அடிக்கல. இங்கயே இந்தக் காத்துன்னா அங்க எப்டி இருக்கும்? போன வருசம் இப்டித்தான், பக்கத்து வூட்டு படகு கவுந்து, ஆளை மறுநாள்தான் எடுத்தாங்க."

"நம்பரைச் சொல்லு, யார்கிட்டயாவது போன் வாங்கிப் பேசலாம்."

அவள் அந்த ஈரப் பையைத் தூக்கிக் காட்டினாள். நம்பரெல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தது. வீட்டுக்காரர் நம்பர், மகள் நம்பர், எல்லாமே போட்டோவைத் தொட்டால் பேசுகிற மாதிரி சத்யப்ரியா செய்து வைத்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் நம்பர் எனக்கே நினைவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூடிக்கொண்டேன்.

"நான் போறேன்க்கா" என்று வண்டியைத் திருப்பினாள். சாவியைத் துளையில் போட முடியாமல் இரண்டு தரம் தவறவிட்டாள். சாவியைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். "இந்தக் கையோட மேடவாக்கம் தாண்டுவியா நீ? உள்ள வா."

அவளுடைய சிம்மை எடுத்து என் போனில் போட்டால், அவர் கூப்பிட்டால் அதில் மணி அடிக்கும். அது ஒன்றுதான் வழி. பேசுவதற்குப் போன் கொடுப்பார்கள், சிம்மைக் கழற்றி மாட்ட யார் கொடுப்பார்கள்? சிம் தட்டைத் தள்ளக் குச்சி இல்லை. சரளா தாலிச் சரட்டில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சிம்மைப் புடவை முந்தானையில் துடைத்து என் போனில் போட்டேன். இனி வேண்டியது சார்ஜ். இருந்ததோ அவளுடைய அந்தப் பவர் பேங்க் மட்டும்தான். தொட்டேன், தோசைக்கல்லாகச் சுட்டது.

"போடுக்கா, சீக்கிரம் போடு."

"இப்ப போட்டா இதுவும் போயிடும், என் போனும் போயிடும். ஆறட்டும்."

"அப்ப ஐஸ்ல..."

"ஐஸ்னு இன்னொரு தடவை சொன்னே, உன்னைத் தூக்கி அந்தப் பெட்டியில வெச்சிடுவேன்!"

பவர் பேங்கைத் தரையில் வைத்து, பேப்பரை மடித்து விசிறினேன். புருஷனுக்குக்கூட விசிறாத கை இது. சரளா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செத்த போனை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் உள்ளூர பயம்தான். கடவுளே, அந்த மனுஷன் எப்படியாவது கரை ஏறியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விசிறினேன்.

சூடு தணிந்து கை பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் ஒயரைச் சொருகினேன். கறுத்த திரை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு காலி பேட்டரிப் படம் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு, போன் கண் திறந்தது. டவர் கிடைத்த கையோடு மணி அடித்தது.

ஒன்று. இரண்டு.

நாங்கள் இரண்டு பேரும் அது நிற்பதற்காகக் காத்திருந்தோம். நிற்கவில்லை. மூன்றாவது மணி அடித்தது.

சரளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். "எடுக்காதேக்கா" என்றாள். கேட்காத வரைக்கும் அது நடக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்தான் பச்சையைத் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏய்! எங்க கீற நீ? எத்தினி வாட்டி அடிக்கிறது? எப்ப அடிச்சாலும் சுவிட்ச் ஆப்புன்றான்! லாரிகாரன் எவனாச்சும் தூக்கிட்டானோன்னு நான் இங்க பேஜாராயி நிக்கிறேன்!"

துலுக்காணத்தின் குரல்தான். இத்தனை இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

சரளா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "நீ எப்ப ஏறின?"

"அது அப்பவே ஆச்சு. காத்து வர்றதுக்கு முன்னாடியே ஏறிட்டேன். கரையில நின்னுதான் ஒன்னைக் கூப்ட்டுகினு கீறேன்."

அதாவது இவள் கடலை நினைத்து நடுங்கிய நேரமெல்லாம் அவர் கரையில் நின்று ரோட்டை நினைத்து நடுங்கியிருக்கிறார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஊரையே அதட்டுகிற வாய் சரளாவுக்குத் திரும்பிவிட்டது. "நான் இன்னா சின்னப் புள்ளயா லாரில வுழுறதுக்கு? நீ சாப்ட்டியா மொதல்ல?" என்று ஆரம்பித்து, பின்னால் ஐஸ் பெட்டி, பவர் பேங்க், என் விசிறி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பது இங்கே கேட்டது.

திரையைப் பார்த்தேன். நாலு சதவீதம். பவர் பேங்கிலும் விளக்கு அணையும் நிலைமை.

"நாலுதான் ஏறியிருக்கு சரளா, பேச்சைச் சுருக்கு" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும்க்கா. அவரு ஏறிட்டாரு."