முக்கால் ராத்தல் எண்ணெய்

எண்ணெய்த் தொட்டியின் மேல் ஏறி நின்றதும் இயேசுதாசன் முதலில் சட்டைப்பையிலிருந்து ஒரு தகரச் சிமிழை எடுப்பார். அதிலுள்ள பசையை அளவுகோலின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குச் சுண்டுவிரலால் தடவுவார். எண்ணெயில் அந்தப் பசை நிறம் மாறாது. தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அந்தச் சிவப்பே காட்டிவிடும். மற்றவர்கள் வாரம் ஒரு முறை தடவுகிறார்கள். இவர் ஒன்பது வருடமாக ஒவ்வொரு அளவுக்கும் தடவுகிறார். "கிராணியார் கோலுக்கு மருதாணி வெக்கிறாரு லா. கல்யாணம் எப்ப?" என்று கீழேயிருந்து குரல் வரும். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடலோரத்து மின் நிலையமொன்றில் எண்ணெய்க் கணக்கு எழுதும் கிராணி அவர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை ராத்தல் எண்ணெய் எரிந்தது என்பதுதான் கணக்கு. முக்கால் ராத்தல் என்றால் நல்ல ஷிப்டு. அதற்கு மேல் போனால் பாய்லர்க்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நிலையம் நன்றாக நடக்கிறதா என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடும் என்று துரைமார் நம்பினார்கள். இயேசுதாசன் அவர்களைவிட அதிகமாக நம்பினார். வீட்டிலும் ஒரு பானை சோற்றுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் ஆகிறது என்று அடுப்பை ஆட்டிப் பார்ப்பார். "அடுப்பயாவது விட்டுருங்க, அதுக்கு ஷிப்டு கெடையாது" என்பார் மனைவி உர்சுலா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ஒரு மாதம், வடிவேலுவின் ஷிப்டில் மட்டும் மூன்று முறை எண் ஏறியது. வடிவேலு தீயின் நிறத்தைப் பார்த்தே காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த பாய்லர்க்காரர். விசாரணையில், எப்போதும் செய்வதைத்தான் செய்தேன் என்றார். கரும்பலகையில் இயேசுதாசன் எழுதிப்போட்ட எண் வேறு சொன்னது. அவரைப் பாய்லரிலிருந்து எடுத்து, வெளியே குழாய்களுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, வேறெதையோ தேடிப் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது இயேசுதாசனின் கண்ணில் மூன்று தேதிகள் பட்டன. தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்ட தேதிகள். மூன்றும் வடிவேலுவின் ஷிப்டு. தண்ணீர் போய் மட்டம் இறங்கியிருக்கிறது. பசை தடவாமல் அளந்த இவர், இறங்கியதெல்லாம் வடிவேலு எரித்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறார். அன்றே துரையிடம் போய்ச் சொன்னார். அறிக்கை மேலே போய்விட்டது, இனிமேல் சரியாக அளந்தால் போதும் என்றார் துரை. இயேசுதாசன் அப்படியே அளந்து வருகிறார்.

வடிவேலுவிடம் சொல்ல ஐம்பது அடி நடந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடுமோ என்ற பயம் முதல் வருடத்துக்குச் சரி. மற்ற வருடங்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. தண்டனையை வாங்கிக்கொண்டவன் அதை மறந்திருப்பான், நாமாக ஏன் கிளற வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சிராங்கூன் சாலையில் பஸ் ஏறினார். நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த வடிவேலு பார்த்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க கிராணியாரே."

மறுத்தும் விடவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி வடிவேலு தன் மகனைப் பற்றிச் சொன்னார். அவனைப் பாய்லர் வேலைக்குக் கூப்பிட்டார்களாம். வேண்டாம் என்று இவர் தடுத்துவிட்டாராம்.

"ஏன்?" என்றார் இயேசுதாசன்.

"நம்ம குடும்பத்துக்கு அந்தக் கை இல்லீங்க. அந்த மாசம் நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். காத்தக் கொறச்சு வெச்சேனா, பர்னரக் கழுவாம விட்டேனா, ஒண்ணும் பிடிபடல." சற்றுக் குனிந்தார். "ஆனா உங்க கணக்கு பொய் சொல்லாதுல்ல?"

மணி அடித்தது. வடிவேலு இறங்க வேண்டிய இடம். பதிலுக்காக இன்னும் குனிந்தபடியே நின்றார்.

இயேசுதாசன், சொல்லாது என்று தலையசைத்தார்.