கதவில் மிஞ்சிய கையெழுத்து

நேற்று திருப்பதியில் என் மகன் வீட்டு வாசலில் மாநகராட்சி ஆட்கள் வந்து சாக்கடை மூடியைத் தூக்கினார்கள். குப்பென்று அந்த நாற்றம்! மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். எனக்கோ சிரிப்பு. அவன் மூன்று மாதக் குழந்தையாக முகர்ந்த வாசனையல்லவா அது!

அப்போது நகரிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்தோம். ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராசோடு போகுமா என்று எல்லை பேசிக்கொண்டிருந்த காலம். தெருவுக்குச் சாக்கடை வெட்டியது பஞ்சாயத்து. கால்வாய்மேல் இருக்கும் படிகளை வீட்டுக்காரரே எடுக்க வேண்டும், இல்லையென்றால் பஞ்சாயத்து இடிக்கும் என்று கோயில் மண்டபத்தில் நோட்டீசு ஒட்டினார்கள். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று; இரண்டிலும் அடியில் பஞ்சாயத்து பிரசிடெண்டு கையெழுத்து. ஐந்தாவது படித்தவளாயிற்றே, தெருப் பெண்களுக்குத் தினமும் நான்தான் படித்துக் காட்டுவேன். வீட்டுக்கு ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், அது வேறு.

எல்லோரும் படியை எடுத்தோம். பிரசிடெண்டு வீட்டுப் படி மட்டும் அசையவில்லை. கேட்டால், "எல்லை முடிவாவட்டும்மா, எந்த ராஜ்ஜியம்னு தெரியட்டும்" என்பார்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாக்கா விடுவாளா? "தண்ணி இவ வூட்டுல நிக்குதே, அது எந்த ராஜ்ஜியம் நைனா?"

ஆமாம், அந்தப் படியில் முட்டிய சாக்கடை திரும்பி என் வீட்டுக்குத்தான் வரும். ஒரு மழைநாள் காலையில் குழந்தை படுத்திருந்த பாயே நனைந்துவிட்டது. வந்ததே எனக்கு ஒரு வேகம்! மண்டபத்துத் தமிழ் நோட்டீசைப் பிய்த்தேன். பானைக் கஞ்சியை அள்ளித் தடவிப் பிரசிடெண்டு கதவிலேயே ஒட்டிவிட்டேன்.

கஞ்சி அதிகமாகிவிட்டது போல. கண்ணம்மாக்காவின் ஆடு வந்து காகிதத்தைத் தின்றுவிட்டுக் கதவையும் முட்டியது. பிரசிடெண்டு திறந்தார். கதவில் மிச்சம் அவர் கையெழுத்து மட்டும்.

"யாரு இத ஒட்டனது?"

தெருவே கூடிவிட்டது. என் கையெல்லாம் கஞ்சி. "நாந்தான் மாமா."

"இன்னா எழுதியிருந்துது?"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி முதல் எழுத்திலிருந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "இப்படிக்கு..." என்று நிறுத்தியதும் கண்ணம்மாக்கா கத்தினாள்: "அதான் கதவுலயே கீதே!"

பிரசிடெண்டு சிரித்துவிட்டார். கடப்பாரை கேட்டு வாங்கி முதல் குத்து அவரே குத்தினார். படி பெயர்ந்ததும் தண்ணீர் ஓடிய ஓட்டம்! கூடவே நாங்களும் தெருக்கோடிவரை கத்திக்கொண்டு ஓடினோம்.

இன்று பிரசிடெண்டும் இல்லை, கண்ணம்மாக்காவும் இல்லை. நேற்று மூடியைப் போட்ட ஆளிடம், "இந்த வேலைக்கெல்லாம் யாருப்பா கையெழுத்து போடறது?" என்று கேட்டேன்.

"தெரிலம்மா, எல்லாம் ஆன்லைன்ல வந்துடும்."

ஆன்லைனுக்கு ஏது கதவு?