பெஞ்சுக்கு அடியில் இருந்த பேட்டரி

அறுபதுகளின் முதல் பாதியில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று சொல்ல முடியவில்லை. என் பழைய குறிப்பேட்டின் அட்டையையும் முதல் சில தாள்களையும் கரையான் தின்றுவிட்டது. தேதி இல்லாமல் எழுதுவது எனக்குப் பிடிக்காத காரியம். உள்பக்கங்களில் மாதமும் கிழமையும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய நடமாடும் வைத்திய வண்டியில் நான் குமாஸ்தா. வண்டி என்றால் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லரும். டிரெய்லர் முழுக்க பிளைவுட்டும் தகரமும். உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு பக்கம் மருந்து அலமாரி, மறுபக்கம் நோயாளி படுக்க ஒரு பெஞ்சு, கூரையில் இரண்டு பல்பு, ஒரு சின்ன விசிறி. செம்பட்டி, ஆயக்குடி, அய்யலூர் என்று ஊர் ஊராகப் போவோம். டிரைவர், நர்ஸம்மா, நான் என்று மூன்று பேர்தான்.

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். செம்பட்டிப் பக்கம் அவருக்கு மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். பதினெட்டு வயதில் பிடித்த ஸ்டியரிங், வேறு தொழில் தெரியாது. நர்ஸம்மா கத்தோலிக்கக் குடும்பம், கணவரை இழந்தவர், கண்டிப்பானவர்.

பல்புக்கும் விசிறிக்கும் கரண்ட் கொடுத்தது ஒரு லாரி பேட்டரி. முதலில் அது டிரெய்லருக்கு வெளியே, ஜீப்போடு கொக்கி சேரும் இரும்புச் சட்டத்தின் மேல், ஒரு மரப்பெட்டியில் இருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் பேட்டரி களவு போய்விட்டது. ஒயரை மட்டும் திருடன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த ஒயரையும் ஒரு வெள்ளாடு மென்றுகொண்டிருந்தது. டிரைவர் அந்த ஆட்டைப் பார்த்து, “ஏலே, பேட்டரியையும் நீதான் தின்னியா?” என்று கேட்டதும், சந்தைக்கு வந்தவர்கள் சிரித்ததும் குறிப்பேட்டில் இருக்கிறது.

புதுப் பேட்டரியை உள்ளே வைப்பது என்று முடிவானது. எங்கே வைப்பது என்று அளந்து, படம் போட்டுக் கொடுத்தவன் நான். பெஞ்சுக்கு அடியில் ஒரு பெட்டி, மேலே தூக்குகிற மூடி, பூட்டு. எடை நடுவில் விழும், திருடனுக்கும் எட்டாது என்று பெருமையாக ஸ்தாபனக் காரியதரிசியிடம் விளக்கினேன். பெட்டி செய்த ஆசாரி என்னைக் கேட்காமலே பெட்டியின் அடியில், டிரெய்லரின் தரையையும் துளைத்து, இரண்டு துவாரம் போட்டிருந்தார். பேட்டரி மூச்சு விடணும் என்றார். அந்தத் துவாரம் வழியாகச் செம்மண் புழுதி ஏறியது. சார்ஜ் ஏறும்போது வரும் நெடியில் நர்ஸம்மாவுக்கு இருமல் விடவில்லை. கண் எரிகிறது, மருந்து அலமாரியெல்லாம் மண் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஆவணியில் ஒரு சனிக்கிழமை நானே தக்கை செதுக்கி, மெழுகில் தோய்த்து, இரண்டு துவாரத்தையும் அடைத்தேன். மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். அதன் பிறகு நெடி வெளியே வரவில்லை. நர்ஸம்மா எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நூலகத்தில் மோட்டார் வாகனங்களைப் பற்றிய ஒரு கைப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் வழக்கப்படி எது கிடைத்தாலும் படிப்பேன். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு கிளம்பும், மூடிய இடத்தில் வைக்கக்கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும், அருகில் சுருட்டுக்கூடப் பிடிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். தக்கையைப் பிடுங்கக் கால் நிமிஷம் போதும். ஆனால் அடைத்தது தப்பு என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஆகும். ஆயுத பூஜை முடியட்டும், புதன்கிழமை சத்தமில்லாமல் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு நாள்தானே என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. வண்டி நிற்கும் கொட்டகை திண்டுக்கல்லிலேயே பேகம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையிலேயே டிரைவர் ஜீப்பையும் டிரெய்லரையும் தேய்த்துக் கழுவினார். மாட்டுவண்டியில் விலைக்கு வாங்கி நிரப்பியிருந்த ஒரு பீப்பாய்த் தண்ணீரும் அதிலேயே தீர்ந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துத் தெருக்குழாய் காய்ந்து கிடந்தது. வருஷத்தில் ஒரு நாள் வண்டி குளிக்கட்டும் என்று அவர் சொன்னார். நானும் பீப்பாயைச் சாய்த்துக் கொடுத்தேன். பூஜை நேரத்தில் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு டிரைவர் பூஜையைத் தொடங்கினார். எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம், ஸ்டியரிங்குக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பொரிகடலைக்காக வந்த நர்ஸம்மா கொட்டகை வாசலில் நின்றார். கற்பூரத் தட்டோடு டிரைவர் டிரெய்லருக்குள் ஏறினார். நான் பின்னாலேயே படியில் நின்றேன். பெஞ்சுக்கு முன்னால் அவர் மண்டியிட்டதும் நான் எட்டி அவர் தோளைத் தொட்டேன்.

“அண்ணே, அங்க வேணாம். வெளிய நின்னு காட்டுங்க.”

“ஏன் தம்பி?”

புகை வரும், நர்ஸம்மாவுக்கு இருமும் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

“எஞ்சினுக்குக் காட்டியாச்சு, டயருக்குக் காட்டியாச்சு. இம்புட்டு நாளா வெளிச்சம் குடுத்ததுக்குக் காட்டாமப் போனா கோவிச்சுக்காதா?” என்று சொல்லி, இடது கையால் மூடியைத் தூக்கினார். குங்குமம் வைக்கும் இடத்தைப் பார்க்கத் தட்டை அருகே கொண்டுபோய்க் குனிந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. தகரத்தில் தடியால் ஓங்கி அடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். தட்டு என் காலடியில் வந்து விழுந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “கண்ணு, தம்பி, கண்ணு” என்றார். கத்தவில்லை. அந்தக் குரல் ஒரு குழந்தையிடம் பேசுவது போல மெதுவாக இருந்தது. பேட்டரியின் மேல்பாகம் உடைந்து, திராவகம் அவர் முகத்திலும் சட்டையிலும் தெறித்திருந்தது. சட்டையில் என் கண் முன்னாலேயே ஓட்டை விழுந்தது.

நர்ஸம்மா ஓடி வந்து அவரைத் தரையில் படுக்க வைத்து, கையை விலக்கி, இமையை விரலால் பிரித்தார். தண்ணி என்றார். கொட்டகையில் இருந்தது குடிக்க வைத்திருந்த அரைக்குடம். அதை ஊற்றி முடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. இன்னும் தண்ணி என்றார். பீப்பாயைக் கவிழ்த்தேன், அடியில் இருந்த சேறுதான் வந்தது.

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஒரு அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். தாய்ப்பால் விடச் சொன்னார் ஒருவர். எனக்கு அப்போது இன்னொரு படிப்பு நினைவுக்கு வந்தது. அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும். பக்கத்துத் தோல் ஷாப்பில் ரோமம் உதிர்க்கத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஓடிப்போய் ஒரு வாளி மொண்டு வந்தேன். இதுதான் மருந்து, இதுதான் கணக்கு என்று எனக்குள் ஒரு வெறி. நர்ஸம்மா நிமிர்ந்து வாளியின் நிறத்தைப் பார்த்தார். காலால் எட்டி உதைத்தார். வாளி உருண்டது.

“மிச்சக் கண்ணையும் அவிச்சுப்புடாத. நல்ல தண்ணி கொண்டா, போ.”

தெருக்கோடியில் ஒரு பாய் பிரியாணிக் கடை வைத்திருந்தார். மத்தியான உலைக்காக இரண்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அடுப்பில் விறகு அடுக்கியாகிவிட்டது. மூச்சு வாங்க, கையால் கொட்டகையைக் காட்டினேன். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். தன் வேலையாட்களில் இரண்டு பேரை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஓர் அண்டாவை அப்படியே தூக்கி அனுப்பினார். பின்னாலேயே அடுத்ததும் வந்தது.

“இன்னைக்கு அடுப்பு பத்தல, அம்புட்டுத்தான். நீங்க ஊத்துங்கம்மா” என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, தானே குந்தி உட்கார்ந்து டிரைவரின் தலையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு மேல் ஊற்றினோம். இரண்டாவது அண்டாவில் கால்வாசியை வழிக்கு என்று நிறுத்தி வைத்தார் நர்ஸம்மா.

மதுரைக்குப் போக வேண்டும். கண்ணுக்குப் பெரிய டாக்டர் அங்கேதான். ஜீப் குளித்து, மாலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் தரையில் கிடந்தார். பூஜை போட்ட வண்டியை அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். தெரு நெடுக லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. மூன்று லாரி டிரைவர்களிடம் கெஞ்சினேன். முதல் இருவர் ரயில் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாமவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், ஆனால் அவருடைய முதலாளி வந்து தடுத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பாய் ஒரு ஜட்காவைப் பிடித்துக் கொண்டுவந்தார். ஸ்டேஷனில் மதுரை வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். நர்ஸம்மா கூஜாவிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணில் விட்டுக்கொண்டே வந்தார். கொடைரோடு தாண்டியதும் டிரைவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

“தம்பி, வெளிய வெயிலா, மூட்டமா?”

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தின் மேலேயே விழுந்தது. மூட்டம் என்றேன்.

“அதான பாத்தேன்” என்றார்.

அப்போது சொல்லிவிட வாயைத் திறந்தேன். தக்கை, மெழுகு, சைக்கிள் டியூப், வெள்ளிக்கிழமை, புத்தகம் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. எதிர் பெஞ்சில் நர்ஸம்மா இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை, வேண்டும்போதே எதற்கு வேண்டுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவர் கண்ணுக்காகவா, நான் வாயைத் திறக்க வேண்டி வராமல் இருப்பதற்காகவா?

ஆஸ்பத்திரியில் இருபத்தேழு நாள். நான் ஞாயிறுதோறும் போனேன். ஐப்பசியில் கண் கட்டை அவிழ்த்தார்கள். இடது கண் பிழைத்தது, அதுவும் மங்கல்தான். வலது கண் வெந்த முட்டையைப் போல ஆகிவிட்டது. உடனே தண்ணீர் பட்டதால்தான் ஒன்றாவது மிஞ்சியது என்றார் டாக்டர். டிரைவரின் மனைவி கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். இனி இவர் லைசென்ஸ் என்னாகும் என்று என்னைத்தான் கேட்டார். நான் படித்தவன் அல்லவா.

அதற்கு முன்பே நான் தனியாகக் கொட்டகைக்குப் போய், பெஞ்சுக்கடியில் கிடந்த உடைந்த பெட்டியிலிருந்து தக்கை இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. புதுப் பேட்டரியை மறுபடியும் வெளியே, இரும்புச் சட்டத்தின் மேல், காற்றோட்டமுள்ள கூண்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். படம் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் காரியதரிசி என்னைத்தான் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை டிரைவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஸ்தாபனம் அவருக்கு வாட்ச்மேன் வேலை தருவதாக இருந்தது. அதற்கு, எப்படி விபத்து நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உன் கையெழுத்துத்தான் முத்து மாதிரி இருக்கும், நீயே எழுது தம்பி என்றார்.

தாளை எடுத்தேன். மாதம், கிழமை, மணி எல்லாம் சரியாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

“அண்ணே, பேட்டரியை அங்க வச்சதே தப்பு” என்றேன். அவ்வளவுதான் வெளியே வந்தது.

“பேட்டரி என்ன பண்ணும்? நீ வெளிய காட்டுங்கன்னு சொன்ன. நாந்தான் கேக்கல. கற்பூரத்த ரொம்பக் கிட்ட கொண்டு போயிட்டேன். அப்படியே எழுது.”

“அண்ணே...”

“எழுது தம்பி. செத்த நேரத்துல காரியதரிசி கிளம்பிருவாரு.”

எழுதினேன். எனது கவனக்குறைவால் கற்பூரத்தை அருகில் கொண்டு சென்றதே காரணம் என்று, அவர் சொன்னபடி, முத்து முத்தாக எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றார். மங்கலான இடது கண்ணைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுவந்தும் இடம் பிடிபடவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் வைத்தேன்.