கைப்பிடி துடைத்தவர்

ஆரணியில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு, அறிவியல் கூடம் அமைக்க சென்னையிலிருந்து வந்தவர் அவர். கசங்காத சட்டை, இடுப்பில் செல்போன் உறை. வாயைத் திறந்தால் "பிள்ளைங்க தொட்டுப் பார்த்துக் கத்துக்கணும்" என்பார். யாராவது தொட்டுவிட்டால் உடனே கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைப்பார்.

திறப்பு விழாவில் பெரிய அதிகாரி ஒருவர் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ பெட்டியின் கைப்பிடியைச் சுற்ற, பல்பு பளீரென்று எரிந்தது. ஒரே கைதட்டல். அடுத்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுற்றினாள். வீட்டில் தறிக்கு ராட்டையில் நூல்தார் சுற்றுகிறவள். இழுவையே இல்லாத அந்தக் கைப்பிடி அவள் கைக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று விட்டுவிட்டாள்.

"சார், கைய எடுத்துட்டேன். இன்னும் எரிஞ்சிகினே இருக்குதுங்க!"

"அது அப்படித்தாம்மா. தள்ளு, அடுத்த ஆளு வரட்டும்" என்றார் சென்னைக்காரர்.

கூட்டம் கலைந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டைனமோவாவது ஒன்றாவது! உள்ளே ஒரு பேட்டரி. கைப்பிடி ஸ்விட்சைத் தட்டிவிடுவதோடு சரி.

"என்னங்க இது?" என்று அவரைக் கேட்டேன்.

"ஆபீசர் சுத்தும்போது எரியலைன்னா யார் மானம் போகும்? எரிஞ்சுதுல்ல, விடுங்க சார்."

அந்தக் கூடத்தில் அன்று நடந்த ஒரே சோதனை, அந்தப் பெண் கையை எடுத்ததுதான். அவளைத்தான் தள்ளிப் போகச் சொன்னார் இந்த மேதாவி.

பேசிக்கொண்டே, அவள் பிடித்த இடத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். எதையுமே சுற்றாத ஒரு கைப்பிடியை அத்தனை அக்கறையாக ஏன் துடைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.