சாவி கையில்தான் இருந்தது

மாரிச்செல்வி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. தென்காசியில் ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றில் அம்மா சமையல் வேலை பார்த்தாள். பதினெட்டு முடிந்துவிட்டால் அங்கே இருக்கக்கூடாது என்பது விதி. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக் கைதட்டிய கையோடு பெட்டியையும் கட்டச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு ஜவுளிக்கடையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். விடுதியில் இடம் கிடைக்க நாளாகுமாம். அதுவரை எங்கே போவாள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால், அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "ரெண்டு வாரந்தான், கேட்டியா" என்று அம்மாவிடம் சொன்னார். என் பாயில் பாதி பறிபோனதில் எனக்கும் வருத்தம்தான்.

அக்காவிடம் குறை சொல்ல எதுவுமில்லை. தண்ணீர் குடிக்கவும் கேட்பாள், ஃபேன் போடவும் கேட்பாள். வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் என்னிடம் வந்து, "குளிக்கப் போகட்டுமா?" என்பாள். பத்து வயதில் ஒரு பெரிய ஆளுக்கு அனுமதி வழங்கும் பதவி எல்லாருக்கும் கிடைத்துவிடுமா? "ம், போங்க" என்று தலையசைப்பேன். வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்ததும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று காலையிலேயே குற்றாலத்துக்குக் கிளம்பினோம். அக்கா வரவில்லை. மறுநாள் வேலையில் முதல் நாள், சேலை கட்டிப் பழக வேண்டும் என்றாள். அம்மா வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்து, "சேலைக்குப் பின்னு வேணும்லா. பூட்டிட்டுப் போயி வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாங்கள் திரும்பியபோது மணி நாலு. சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வாசற்படியில் யாரோ குறுகி உட்கார்ந்திருப்பது தெரு முனையிலேயே தெரிந்தது. கிட்டே போனால், அக்கா. முடி கன்னத்தில் ஒட்டிக்கிடந்தது. உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு தொங்கியது.

"சாவியத் தொலச்சிட்டியாட்டி?" என்று அம்மா ஓடினாள்.

அக்கா வலது கையை விரித்தாள். உள்ளங்கையில் சாவி இருந்தது. இறுகப் பிடித்ததில் அதன் பற்கள் தோலில் பதிந்து சிவந்திருந்தன.

பூட்டு மக்கர் செய்கிறதோ என்று அப்பா சாவியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். ஒரே திருப்பில் திறந்துகொண்டது.

எதிர்வீட்டுப் பெரியம்மா குடையோடு வந்தாள். "பத்தரைக்கே வந்துட்டா. அப்பம் புடிச்சு இங்கனயேதான் இருக்கா. எங்க வீட்டுக்காவது வாட்டின்னு ரெண்டு மட்டம் கூப்பிட்டேன், அசையல."

"சாவி கையிலதான இருக்கு, பிறகு ஏன் நனையுத?" அம்மா முந்தானையால் அவள் தலையைத் துவட்டினாள்.

அக்கா எழுந்து, திட்டு வாங்கத் தயாராவதுபோல நேராக நின்றாள். "உள்ள யாருமே இல்லையே அத்தை. யார்ட்ட கேட்டுட்டுப் போவேன்?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அம்மா அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பன்னெண்டு வருசம் இவளுக்குச் சோறு போட்டிருக்கேன். எனக்குத் தெரியலியே" என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது.

அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். அப்பா ஜவுளிக்கடைக்குப் போய்ப் பேசி, அந்த வேலை வேறு யாருக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் விட்ட அன்று கடைத்தெருவில் புதிதாக ஒரு சாவி வெட்டிவந்து அக்காவிடம் நீட்டினார். "நாங்க இருந்தாலும் இல்லாட்டியும் நீயாத் தொறந்து உள்ள வரணும். என்னம்மா?" என்றார். இரண்டு வாரம் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அக்கா எங்களோடு இரண்டரை வருடம் இருந்தாள். முதல் சில மாதம், கதவைத் திறந்த பிறகும் வாசலிலேயே நின்று, "வரட்டுமா?" என்று கேட்பாள். அது மெல்லத்தான் நின்றது. இப்போது வடகரையில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். அதே ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

சாரலில் அவளைக் கண்ட மறுநாள் நான் செய்ததை மட்டும் இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. பள்ளியில் மதிய இடைவேளையில், கையில் சாவியை வைத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் நனைந்த அக்காவின் கதையை நடித்தே காட்டினேன். பல் அடித்துக்கொண்டதைக்கூட விடவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த இல்லத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"பிறகு உள்ள போகச் சொல்லி யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

அவளுக்குக் கதை விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.