மேல்வரிசையின் கடைசிப் படம்

பக்கவாதம் ஒரே காலைப்பொழுதில் என் வீட்டுக்காரரிடமிருந்து மூன்று மொழிகளையும் பறித்துக்கொண்டு போய்விட்டது. ஹவுராவில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் தமிழ், மீன் மார்க்கெட் வாசலில் நின்று வம்பளக்க வங்காளம், ஆபீசில் சண்டை போட ஆங்கிலம் என்று மூன்றிலும் வாய் ஓயாது. ஆஸ்பத்திரியிலிருந்து காளிகாட் வீட்டுக்குத் திரும்பியபோது மிச்சமிருந்தது ‘ம்’ என்ற ஒலியும் இடது கையும்தான். எழுத்தும் போயிருந்தது. நாங்கள் பேசுவதில் அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை. பேப்பரைக் காட்டினால் வெறித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் இடது கை தானாக மௌஸைத் தேடிப் போனது. தினமும் பார்க்கிற பக்கங்களை பிரௌசரின் மேல்விளிம்பில் புக்மார்க்குகளாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். இடத்தை அடைக்கிறது என்று பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு வெறும் சின்னப் படங்களாக விட்டிருந்தார். இதில் என்ன கஞ்சத்தனம் என்று அப்போது நான் கேலி செய்திருக்கிறேன். அந்தப் படங்கள்தான் பிறகு அவருக்கு வாயாயின.

மருந்துக்கடைப் படத்தை அழுத்தினால் எங்கோ வலிக்கிறது. வானிலை என்றால் ஃபேனைக் கூட்டு, அல்லது குறை. தமிழ்ப் பேப்பர் என்றால் வாசித்துக் காட்டு. ரயில் டிக்கெட் என்றால் ஊர் ஞாபகம். சாப்பாடு வரவழைக்கும் பக்கத்தை அழுத்தினால் என் சமையல் சகிக்கவில்லை என்று பொருள். அதை அவர் வாரத்துக்கு நாலு தடவையாவது அழுத்துவார். எல்லாவற்றுக்கும் கடைசியில் என் அலுவலகத்தின் பக்கம் இருந்தது. அலிப்பூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். எனக்கு லீவு எப்போது என்று பார்ப்பதற்காக என்றோ வைத்திருந்தார். அதை அழுத்தினால் ‘நேரமாச்சு, கிளம்பு’ என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பேச்சு வந்த காலத்திலும் என்னை அவர் விரட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஒருநாள் காலை காபி கலந்துகொண்டு வந்து பார்த்தால், அவர் மௌஸைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். திரையின் மேல்விளிம்பு வெள்ளையாகக் கிடந்தது. ஒரு படம்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தாரா, தன் மூளையில் இன்னொன்றும் போய்விட்டது என்று பயந்தாரா, தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகளுக்கு போன் போட்டேன்.

“அம்மா, அப்பா அக்கவுன்ட்ல வேற யாரு இருக்கா?”

“யார் இல்லைன்னு கேளு” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு இருப்பதுபோல, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு மெயில் அக்கவுன்ட். கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், தன் கணக்கையே எனக்கும், திருச்சியில் இருக்கும் தன் தங்கைக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். அவளுக்கு டிக்கெட் போடுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் இங்கிருந்தே நடக்கும். ஒரு இடத்தில் சேர்த்தது எல்லா இடத்திலும் வந்துவிடும், அதனால் எதுவும் தொலையாது என்று பெருமையடித்துக்கொள்வார். தனியாக ஒரு பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

திருச்சிக்குப் பேசினேன். நாத்தனார் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள்.

“மேல ஏதேதோ பொம்மை பொம்மையா இருந்துச்சு அண்ணி. எதுலயும் பேரே இல்ல. வைரஸோன்னு எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன்.”

அங்கே அழித்தது இங்கேயும் அழிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் பேசுவதையே அவள் அழித்திருக்கிறாள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ‘ஒண்ணும் இல்ல, சரி பண்ணிடலாம்’ என்று சொல்லிவைத்தேன். சரி பண்ண முடியுமா என்று எனக்கே தெரியாது.

நினைவிலிருந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தேன். வரிசை மாறியிருந்ததால் அவர் ஒன்றை நினைத்து இன்னொன்றை அழுத்தினார். திறந்த பக்கத்தைப் பார்த்ததும் மௌஸைத் தள்ளிவிட்டார். சாப்பிடவும் மறுத்தார். இரண்டு நாள் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்காராமலே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்போதுதான் மகளுக்கு பழைய லேப்டாப் ஞாபகம் வந்தது. உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே அலமாரியில் தூங்கப் போனது அது.

“அதுல பழைய புக்மார்க்கெல்லாம் அப்படியே இருக்கும்மா. ஆனா நெட் கிடைச்ச உடனே அதுவும் சிங்க் ஆகி அழிஞ்சிடும். முதல்ல வைஃபைய ஆஃப் பண்ணு. அப்புறம் திற. எக்ஸ்போர்ட்னு ஒண்ணு இருக்கும், நான் சொல்றேன். ஃபைலா எடுத்துட்டா தப்பிச்சோம்.”

சனிக்கிழமை அந்த வேலையில் இறங்கினேன். வைஃபை பெட்டியின் ஒயரையே பிடுங்கிவிட்டேன். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். போனின் சொந்த டேட்டாவில் வீடியோ காலைப் போட்டு, மகளுக்குத் தெரியும்படி சாய்த்து வைத்தேன். லேப்டாப் ஏகத்துக்கும் முனகிவிட்டுத் திறந்தது. பிரௌசரை அழுத்தினேன். மேலே அத்தனை படங்களும் வரிசையாக வந்து நின்றன.

அவர் ‘ம்’ என்றார். நான் அழுதுவிட்டேன். என்னைத் தாண்டி அவருடைய இடது கை நீண்டது. வேறெதையும் தொடாமல் கடைசிப் படத்துக்கு அம்பைக் கொண்டுபோய் அழுத்தினார்.

“இருங்க, இருங்க. எங்கேயும் போகல. இன்னிக்கு சனிக்கிழமை” என்று கையை விலக்கினேன்.

“அம்மா, மூணு புள்ளி இருக்கும் பாரு, அத…” என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் அலுவலகத்தின் பக்கம் முழுசாகத் திறந்துகொண்டது. நெட் இல்லாமல் எப்படித் திறக்கும் என்று நான் யோசிப்பதற்குள் மேல்வரிசை வெள்ளையாகிவிட்டது.

ஒரு புயலில் எங்கள் தெருவில் கேபிள் அறுந்து தொங்கியபோது, மாடிவீட்டுப் பௌதி தன் வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். இங்கே அக்கம்பக்கத்து அண்ணிகளைப் பௌதி என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் மறந்துவிட்டோம். லேப்டாப் மறக்கவில்லை. எங்கள் பெட்டி இல்லையென்றதும் மாடிக்குப் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. பௌதியின் நல்ல மனசை அன்று நான் திட்டியது மாதிரி யாரும் திட்டியிருக்க மாட்டார்கள்.

“அம்மா, அழாத. வரிசை தெரிஞ்சப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன்” என்றாள் மகள்.

மங்கலான படம்தான். ஆனால் எது எதற்குப் பக்கத்தில் என்று அதில் தெரிந்தது. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். அவருக்கென்று புதிதாக ஒரு அக்கவுன்ட் தொடங்கினேன். மகள் சொல்லச் சொல்ல ஃபைலாகவும் எடுத்து பென்டிரைவில் போட்டு பூஜை அலமாரியில் வைத்தேன். கடைசிப் படத்தை மட்டும் சேர்க்கவில்லை. மறந்துபோய் அல்ல, ஆபீசுக்குக் கிளம்ப எனக்குத் தெரியாதா என்ற எரிச்சலில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். காலையில் ஃபேன், பிறகு பேப்பர். மத்தியானம் என் சாம்பாரைப் பற்றிய தன் கருத்தையும் சொல்லிவிட்டார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மௌஸ் விடாமல் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வரிசை முடிந்து வெள்ளையாக இருக்கும் இடத்தில் அம்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். “என்ன வேணும்?” என்றேன்.

அவர் மௌஸை விட்டுவிட்டார். அந்தக் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

இத்தனை மாதமும் அவர் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை. கூப்பிட்டிருக்கிறார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும், மாசி என்று நாங்கள் கூப்பிடும் வேலைக்காரம்மா, “அண்ணன் நாள் முழுக்க உன் ஆபீசையே பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தபோது நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

அன்றே அந்தப் படத்தைச் சேர்த்தேன். வேலையை விட முடியாது. அவர் பென்ஷன் மருந்துக்கே சரியாகிவிடுகிறது, வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அவர் அதன்மேல் அம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் படியிறங்கியதும் அழுத்துவார். என் ஆபீஸ் கட்டடம் திரையில் திறக்கும். நான் வரமாட்டேன். அதை அவருக்குச் சொல்ல அந்த வரிசையில் ஒரு படமும் இல்லை.