ராயப்பன் இரண்டு முறை பாஸ் செய்த எட்டாம் வகுப்பு

ஓட்டுநர் உரிமம் வாங்க அலுவலகத்துக்குப் போகிறவர்கள் திண்டிவனத்தில் என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு மின்விசிறி, நான். அவ்வளவுதான் கடை. என் பெயர் தாஜுன்னிசா. பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது இங்கே. கணவர் குவைத்தில் இருந்த வருஷங்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல் டைப்ரைட்டரோடு உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் நான் பாயம்மா.

ராயப்பனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுநடுவே நான் வருவேன். என்னை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது, பார்த்துவிட்டேன்.

அவனுக்கு பெருமுக்கல் பக்கம். என்னைவிட எட்டு வயது சின்னவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். தை பிறந்தால் குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டு, மழை விழுந்ததும் திரும்பி வருவார்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்படிப் போய்த் திரும்பியவனுக்குப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பெயர் இல்லை, அடித்துவிட்டிருந்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதினாலு வயதில் லாரியில் கிளீனர் ஆனான். வண்டியைக் கழுவி, டயர் மாற்றி, டிரைவர் தூங்குகிற நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துப் பழகினான். இருபத்தைந்து வயதுக்குள் அவன் ஓட்டாத வண்டி இல்லை. கார் ஓட்டும் உரிமம் மட்டும் கையில் இருந்தது. அதற்கு அப்போது யாரும் படிப்பைக் கேட்கவில்லை.

2009-ல் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தனியார் பஸ்ஸை இவன் பின்னால் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதை அந்த பஸ்ஸின் முதலாளி கிருஷ்ணசாமி டீக் கடையில் நின்று பார்த்துவிட்டார். "ஹெவி லைசன்ஸ் எடுத்துகினு வா, வண்டிய உன் கையில குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ராயப்பன் நேராக என் கடைக்கு வந்தான். அப்போதுதான் நான் அவனைப் பார்க்கிறேன்.

"பாயம்மா, ஹெவிக்கு எழுதணும்."

"எட்டாவது சர்டிபிகேட் எங்க?"

"அது எதுக்குங்க?"

பஸ், லாரி ஓட்டுகிறவன் எட்டாவது தேறியிருக்கவேண்டும் என்று விதி வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் ஒரு காகிதமும் கேட்டிருக்கமாட்டார்கள். எட்டாவது படித்தவனுக்குத்தான் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. என் கணவர் பி.காம். படித்தவர். அவர் ஸ்கூட்டரை நேராக ஓட்டி நான் பார்த்ததில்லை.

அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ் படிவம் ஸ்டேஷனரி கடையில் கிடைத்தது. சீல் செய்கிற ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தான். மற்றதை நான் டைப் செய்தேன். எட்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றார் என்று அடித்தேன். நடத்தையும் ஒழுக்கமும் என்று ஒரு வரி இருக்கும், அதில் நன்று என்று போட்டேன். அந்தக் காகிதத்தில் உண்மை அது ஒன்றுதான்.

அது ஒரு குற்றம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு செய்த வேலை.

உரிமம் வந்தது. திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் பதினைந்து வருஷம் ஓட்டினான். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. சாலைக் குறிகளைப் படம் படமாக மனசில் வைத்திருந்தான், எழுத்துதான் தெரியாது. விக்கிரவாண்டிப் பக்கம் ஏதாவது புதுப் பலகை வைத்திருந்தால் இறங்கிப் போய் யாரிடமாவது கேட்டுக்கொண்டு வருவான். என் கடையைத் தாண்டும்போது இரண்டு ஹாரன் அடிப்பான். நான் தலை நிமிராமல் கையை மட்டும் தூக்குவேன்.

உரிமம் வந்தபோது அவன் பெண் வெண்ணிலாவுக்கு மூன்று வயது. அவள் விவரம் தெரிந்து, அப்பா என்ன படித்தாய் என்று கேட்டபோது, எட்டாவது என்று சொல்லிவிட்டான். காகிதம்தான் இருக்கிறதே.

2019-ல் மத்திய அரசு அந்த விதியையே எடுத்துவிட்டது. வண்டி ஓட்ட எட்டாவது வேண்டாம், படிக்காத ஏழைகள் பிழைத்துப் போகட்டும் என்று எடுத்தார்கள். நல்ல காரியம்தான், பத்து வருஷம் தாமதமான நல்ல காரியம். பேப்பரில் வந்ததை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அந்தப் பேப்பரு?" என்று கேட்டான்.

"அது ஃபைல்ல தூங்கிக்கினு இருக்கு. நீ போய் எழுப்பாத" என்றேன்.

அடுத்த வருஷம் கொரோனா வந்து பஸ் நின்றது. மாசக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தான். பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த வெண்ணிலாவின் கையில் அந்தச் சான்றிதழின் நகல் கிடைத்திருக்கிறது. "இத படிச்சிக் காட்டுப்பா" என்று நீட்டியிருக்கிறாள். கண் சரியாகத் தெரியவில்லை என்று இவன் சமாளித்திருக்கிறான். மறுநாள் காலையில் தன் பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாளாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அவன் விடவில்லை. பெரியவர்கள் எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று வெண்ணிலா கண்டுபிடித்துச் சொன்னாள். 2022-ல் எழுதி ஆங்கிலத்தில் போய்விட்டது. அடுத்த வருஷம் ஆங்கிலத்தில் முப்பத்தேழு வாங்கித் தேறிவிட்டான். நாற்பத்து நான்கு வயது. மதிப்பெண் சான்றிதழோடு வந்து நின்றவனைப் பார்த்து, உள்ளபடி சொல்கிறேன், எழுந்து நின்றுவிட்டேன். என் பிள்ளைகள் டிகிரி வாங்கியபோது அப்படி எழுந்ததில்லை.

"லேமினேஷன் போடுங்க பாயம்மா."

"ஒரிஜினலுக்குப் போடக்கூடாதுப்பா."

"போடுங்க. இது கெட்டுப் போவக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன். பத்து நகல் கேட்டான். எதற்குப் பத்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

2024-ல் அவன் உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. விண்ணப்பத்தை நான்தான் ஆன்லைனில் போட்டேன். மருத்துவச் சான்று, போட்டோ, பழைய உரிமம் போதும். படிப்புச் சான்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். கையில் ஒரு வெள்ளைத்தாள், அதன் ஓரத்தில் பெற்றுக்கொண்டதற்கான சீல்.

"நானே எழுதினேன் பாயம்மா. படிச்சிப் பாருங்க."

எழுத்து குண்டு குண்டாக, கோடு போட்டதுபோல வரிசையாக உட்கார்ந்திருந்தது. 'ஐயா, 2009-ஆம் ஆண்டு நான் கொடுத்த எட்டாம் வகுப்புச் சான்றிதழ் உண்மையானது இல்லை. இப்போது நான் எட்டாம் வகுப்பு உண்மையாகத் தேர்ச்சி பெற்றுவிட்டேன். பழைய சான்றிதழை எடுத்துவிட்டு இதை என் ஃபைலில் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. கூடவே மதிப்பெண் சான்றிதழின் நகல் ஒன்று.

இரண்டு தடவை படித்தேன். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டே இருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் கொண்டு வந்திருந்தால் அந்த நிமிஷமே கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். பதினைந்து வருஷமாக ஒரு வரி எழுதுவதற்கும் என்னிடம் வந்தவன். எழுதப் படிக்கத் தெரிந்ததும், முதல் மனுவை யார் துணையும் இல்லாமல் தானே எழுதிக் கொடுத்துவிட்டான். 2023-ல் தேறியவனிடம் 2009-லேயே எப்படிச் சான்றிதழ் இருந்தது என்று இனி யாரும் துப்புத் துலக்கவேண்டாம்.

"நல்லாயிருக்கா?" என்று கேட்டான்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

இருபது நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விழுப்புரத்துக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். அவன் ஓட்டும் பஸ்ஸிலேயே போனோம். அன்றைக்கு மாற்று டிரைவர் கோபி ஓட்டினான், சின்னப் பையன் மாதிரி இருப்பான். ராயப்பன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழியில் இருந்த பலகைகளையெல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தான். நான் என்னென்னவோ யோசித்திருக்கவேண்டும், ஒன்றுமே ஓடவில்லை.

அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். ஃபைலில் இருந்து நான் டைப் செய்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பழுப்பேறி இருந்தது. என் டைப்ரைட்டரில் 'ற' கொஞ்சம் மேலே ஏறி விழும். அதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது.

"இப்ப எட்டாவது தேவையில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு இத எழுதிக் குடுத்தீங்க?"

"அது பொய் சார். எம் பேர்ல இருக்குது" என்றான் ராயப்பன்.

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "சட்டம் மாறினது வேற. பொய்ச் சான்று குடுத்து வாங்கின உரிமம் வேற. நீங்க எழுதிக் குடுத்து, சீலும் போட்டாச்சு. இனிமே நான் பாக்கலன்னு சொல்ல முடியாது." பிறகு கேட்டார்: "யார் செஞ்சு குடுத்தது இத?"

நான் ராயப்பன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை தூரம்.

"பஸ் ஸ்டாண்டாண்ட ஒர்த்தரு சார். அவரு செத்துட்டாரு."

"இவங்க யாரு?"

"தெரிஞ்சவங்க சார். தொணைக்கு வந்தாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன், அவ்வளவுதான் செய்தேன். திரும்பி வரும் வழியில் அவன் மல்லாட்டை வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தான். கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தேன்.

உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. பிரிக்காமல் கடைக்குக் கொண்டு வந்தான். படித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேணாம், நானே படிக்கிறேன்" என்றான்.

நின்றபடியே, விரலை ஒவ்வொரு வார்த்தையின் கீழும் வைத்துப் படித்தான். தப்பில்லாமல் படித்தான். தானாகவே முன்வந்து சொன்னதால் போலீசுக்கு அனுப்பவில்லை என்று இருந்தது. உரிமம் ரத்து என்று இருந்தது. ஆறு மாசம் கழித்து முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம், அதாவது முதலில் பழகுநர் உரிமம், பிறகு கார், கார் உரிமம் வாங்கி ஒரு வருஷம் கழித்துத்தான் பஸ். வாழ்க்கையில் அவன் யார் உதவியும் இல்லாமல் படித்த முதல் அரசாங்கக் காகிதம் அது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

கிருஷ்ணசாமி அவனை வெளியே அனுப்பவில்லை. கண்டக்டராகப் போடலாமா என்று பார்த்தார், அதற்குப் பத்தாவது வேண்டும். அதனால் கிளீனர். பதினாலு வயதில் எதில் ஆரம்பித்தானோ அதில் நிற்கிறான். பின்பக்கப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசில் கொடுக்கிறான், கோபி வண்டியை எடுக்கிறான். என் கடையைத் தாண்டும்போது இப்போது ஹாரன் கேட்பதில்லை. கோபிக்கு என்னைத் தெரியாது.

வெண்ணிலா ஒரு நாள் தனியாகக் கடைக்கு வந்தாள். நர்சிங் படிக்கிறாள். ஏதோ படிவம் ஜெராக்ஸ் எடுத்தாள். போகும்போது, "நான் அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கவே கூடாது, இல்லைங்களா?" என்று கேட்டாள். குரலில் அழுகை இல்லை. "போம்மா, காலேஜுக்கு நேரமாவுது" என்று அனுப்பிவிட்டேன். தப்பு உன் மேல் இல்லை, அந்தக் காகிதத்தை அடித்த என் மேல்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

போன வாரம் ஆறு மாசம் முடிந்தது. ராயப்பன் பழகுநர் உரிமத்துக்கு எழுத வந்தான். தலையில் பாதி நரைத்துவிட்டது. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஊர். கல்வித் தகுதி என்ற கட்டம் வந்தது. தேவையில்லாவிட்டாலும் கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. அழுத்தினால் ஒரு பட்டியல் ஆங்கிலத்தில் விழும். எட்டாவதைத் தேடி நான் அம்புக்குறியை நகர்த்தினேன். இந்தத் தடவை உண்மையாகப் போடலாம் என்று மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது.

அவன் என் கையைத் தொடாமல் மானிட்டரைத் தொட்டான். பட்டியலின் மேல்பக்கம் ஒரு வார்த்தையின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். "ஐ... எல்... எல்... ஐ... டி..." கடைசி எழுத்து வரைக்கும் போனான்.

"இல்லிட்டரேட். படிக்காதவங்கதானே இது?"

"ஆமா."

"அதப் போடுங்க."

"பொய்யாவா போடச் சொல்ற?" என்றேன்.

"போன தபா போட்டீங்களே பாயம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னான்.

நான் அதையே அழுத்தினேன். அடுத்த கட்டத்தில் ரத்தப் பிரிவு கேட்டது.